சார்ஜென்ட்டின் வலப்பக்கம்

எஃபி டர்ன்புல்லிடம் கையைச் சும்மா வைத்திருக்கச் சொல்லித் தோற்றவர்கள் ஸ்காட்லாந்து எல்லையோரக் கிராமமான பிர்க்ஹோப்பில் நிறையப் பேர். பெற்ற தாய் சொன்னாள், பள்ளிக்கூட டீச்சர் சொன்னாள், கட்டிய புருஷன் ஆர்ச்சி நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்டால்தானே! ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவளுக்கு முன் பெஞ்சில் பண்ணை முதலாளியின் மனைவி நரித்தோல் காலர் வைத்த கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குப் பிரசங்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது. கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நின்றபோது அந்தக் காலரில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை. எஃபியின் மடி நிறைய நரி முடி.

"வேணும்னு செய்யலீங்கம்மா. செத்த முடிங்க அது. தொட்டதும் கையோட வந்துடுச்சு" என்றாள் எஃபி.

"நரியே செத்துதான் கிடக்கு எஃபி" என்றாள் முதலாளியம்மா. அந்த அம்மா நல்லவள். அதோடு விட்டுவிட்டாள்.

எஃபியைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. அவள் அப்பா ஹன்டர் டாட்ஸ், நரி வேட்டைக் குழுவில், நரிப் பொந்துக்குள் இறங்கும் டெரியர் நாய்களைப் பார்த்துக்கொண்டவர். பதினோரு நாய்கள், பத்து விரல்கள். வீட்டில் யாருக்கு விரல் வளர்ந்ததோ அவர்களை எல்லாம் வேலைக்கு இழுத்துக்கொண்டார். ஏழு வயதில் ஒரு பழப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று எஃபி முதல் நாய்க்கு முடி உருவினாள். அன்று பிடித்த பழக்கம். பள்ளத்தாக்கில் இருபத்தேழு வருஷம் தபால் கொடுத்தாள். அவள் கொடுத்த கடிதங்களில் ஒன்றிரண்டு நாய்முடி ஒட்டிக்கொண்டிருந்தால்தான் அது நம்ம ஊர்த் தபால் என்று பேர். தபால் கொடுக்கிற வீட்டில் நாய் காலைச் சுற்றினால் குனிந்து அதன் முதுகில் நாலு பிடி உருவிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவாள்.

கல்யாணமும் அப்படித்தான் ஆனது. ஆர்ச்சி அப்போது மேட்டுப் பண்ணையில் மேய்ப்பர். தன் நாயை முடி உருவக் கொண்டுவந்த சாக்கில், ஒரு மணி நேரம் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றுவிட்டு, "எஃபி, என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டார்.

"தலையைப் பிடி" என்றாள் அவள்.

நாயின் தலையைத்தான் சொன்னாள். ஆர்ச்சி பிடித்தார். காதுப் பக்கம் முடிந்து, வால் முடிந்து, நாயை மேஜையை விட்டு இறக்கிய பிறகுதான் "சரி" என்று பதில் வந்தது. இன்றுவரை ஆர்ச்சிக்கு அந்தச் சரி தனக்கா நாய்க்கா என்று சந்தேகம்.

முடி உருவும் வேலை பார்ப்பதற்கு ரொம்பச் சுலபம். சமையலறை மேஜையில் பழைய சாக்கை விரித்து நாயை நிறுத்த வேண்டும். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சாக்பீஸ் தூளில் தொட்டு, முடி படிந்திருக்கும் வாக்கிலேயே நாலைந்து இழையாகப் பிடித்து உருவ வேண்டும். நாள்பட்டுச் செத்த மேல்முடி தானாக வந்துவிடும். நாய்க்கு வலிக்காது, பாதி நாய்கள் நின்றபடியே தூங்கும். வலிப்பது உருவுகிறவர் முதுகுதான். எல்லாம் முடிந்ததும் நாய் பனியன் போட்ட கிழவன் மாதிரி அடிமுடியோடு நிற்கும். எட்டு வாரத்தில் புது முடி கம்பி கம்பியாய்க் கிளம்பும்.

முடி வெட்டும் மெஷின் என்ற பேச்சை மட்டும் எஃபி முன்னால் எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் தேநீர் ஆறிப்போகும்.

"மெஷின் போட்டா என்ன ஆகும் தெரியுமா? மேலால வெட்டிட்டுப் போயிடும். செத்த வேரு உள்ளயே கிடக்கும். நிறம் வெளுத்து, முடி பஞ்சாப் போயி, ஒரு மழைக்கு நாய் கம்பளி மாதிரி தண்ணியக் குடிச்சுகிட்டு நிக்கும். நரிப் பொந்துக்குள்ள போற நாய்க்கு மழைத்தண்ணி முதுகுல நிக்கலாமா? மெஷின் போடறவங்க ஆட்டுக்குட்டி வளர்க்கட்டும்!"

இதே பேச்சை, இதைவிடச் சத்தமாக, ஆறு வருஷத்துக்கு முன்னால் பிர்க்ஹோப் கண்காட்சியில் பேசினாள். அதுதான் வினையாகிப் போனது. கண்காட்சி ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை. ஆடு, லீக்ஸ் என்கிற தடித்த வெங்காயத் தண்டு, கைத்தடி, கேக் எல்லாவற்றுக்கும் போட்டி உண்டு. ஆனால் ஊரே வேலி போட்ட மாதிரி சூழ்ந்து நிற்பது டெரியர்களை நடத்திக் காட்டும் வட்டத்தைத்தான். அந்த வருஷம் லிலியாஸ் ஷீல் தன் நாய் டஃபியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். லிலியாஸ் வேறு யாருமில்லை, எஃபியோடு ஒரே பெஞ்சில் எட்டு வருஷம் உட்கார்ந்தவள். எஃபி கல்யாணத்துக்குப் பூங்கொத்துப் பிடித்தவள். பார்த்த மாத்திரத்தில் எஃபிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்தாளா? நடுவருக்குக் கேட்கும்படி, வட்டத்தின் அந்தக் கோடியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, "இது மெஷின் போட்ட நாய்! சோம்பேறித்தனத்துக்கு ஒரு அளவில்லையா லிலியாஸ்!" என்று கத்தினாள்.

லிலியாஸ் நாயைப் பிடித்துக்கொண்டு வட்டத்தை விட்டுப் போனாள். அன்றிலிருந்து ஊர் அவளுக்கு 'மெஷின் லிலியாஸ்' என்று பேர் வைத்தது. ஆறு வருஷமாக இரண்டு பேரும் தெருவில் எதிரெதிரே வந்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். எங்கள் ஊரில் பார்க்க வானம் நிறைய உண்டு.

இந்த வருஷம் ஆகஸ்ட் பத்தாம் தேதி வாக்கில் காலையில் எஃபி வீட்டுக் கதவை யாரோ முழங்கையால் இடித்தார்கள். திறந்தால் லிலியாஸ். மணிக்கட்டில் மாட்டிய கயிற்றின் முனையில் அவள் இப்போது வளர்க்கும் மூன்று வயது நாய் சார்ஜென்ட்.

"நாளைக்கு எனக்கு இடுப்பு ஆபரேஷன். ரெண்டு வாரம் ஆஸ்பத்திரி. என் மக குடியிருக்கற மாடி வீட்டுல நாய் வைக்கக் கூடாதாம்" என்றாள் லிலியாஸ். "வேற யாரும் ஒத்துக்கல. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

'உங்க' என்றதும் எஃபிக்குச் சுருக்கென்றது. ஒரே பென்சிலைக் கடித்துப் பங்குபோட்டவர்கள் இவர்கள்!

"உள்ள வாங்க" என்றாள் எஃபியும் விறைப்பாக.

"வேண்டாம், வண்டி நிக்குது. ஒண்ணே ஒண்ணு. கண்காட்சிக்குப் பேர் கொடுத்திருக்கேன். முந்தின நாள் வந்துடுவேன். இவன் மேல நீங்க ஒரு விரல் வைக்கக் கூடாது. ஒரு முடி குறையக் கூடாது."

எஃபி நாயைப் பார்த்தாள். நாயா அது? வைக்கோற்போருக்கு நாலு கால் முளைத்து நின்றது. கண் எங்கே, காது எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இதையா கண்காட்சிக்குக் கொண்டுபோகப் போகிறாள்? நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஆறு வருஷத்துக்கு அப்புறம் வாசல் ஏறி வந்தவள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தொட மாட்டேன்" என்றாள். "சத்தியம்."

சத்தியம் செய்வது எளிது. அந்த நாய் நாள் முழுக்கக் காலடியில் கிடந்து, சாய்ந்து, மடியில் தலையை வைத்தால் என்ன செய்வது? அதுவும் முடி அப்படி விளைந்து, உருவு உருவு என்று கெஞ்சுகிற நாய்! எஃபி முதல் நாளே அடுப்பு வேலைக்கு வைத்திருந்த தடித்த கையுறை இரண்டையும் மாட்டிக்கொண்டாள். அதோடு தேநீர் குடித்தாள், அதோடு செய்தித்தாள் படித்தாள். நெட்டில் என்ற அவள் சொந்த நாய் அவளைப் பார்த்து ஒரு தரம் குரைத்தது.

"என்ன, குத்துச்சண்டைக்குப் போறியா?" என்றார் ஆர்ச்சி.

"நீ உன் லீக்ஸைப் பாரு. இந்தத் தடவை வாக்குத் தவற மாட்டேன். அவ திரும்பி வரும்போது என்னோட பேசணும் ஆர்ச்சி. எனக்கு வேற சிநேகிதி கிடையாது."

ஆர்ச்சி லீக்ஸ் பாத்திக்குப் போனார்.

எட்டு நாள் தாக்குப்பிடித்தாள். ஒன்பதாம் நாள் மதியம் நல்ல மழை. டெலிவிஷனில் ஆட்டுநாய்ப் போட்டி. ஆர்ச்சிக்குத் தெரிந்த மேய்ப்பர் ஒருவர் அதில் கலந்துகொண்டிருந்தார். எஃபி தவாவில் சுட்ட திராட்சை ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொண்டுவந்து உட்கார்ந்தாள். வெண்ணெய் ரொட்டியைக் கையுறையோடு தின்ன முடியுமா? வலது கை உறையைக் கழற்றினாள். ரொட்டியைத் தின்றாள். அந்த மேய்ப்பரின் நாய் ஐந்து ஆடுகளைப் பட்டிக்குள் தள்ளப் போகிறது, ஒரு ஆடு மட்டும் திமிறுகிறது, எஃபியின் மூச்சு நின்றுவிட்டது. மடியில் ஒரு தலை வந்து அமர்ந்தது.

போட்டி முடிந்து, பரிசு கொடுத்து, அதற்கப்புறம் வானிலை அறிக்கையும் வந்தது.

ஆர்ச்சி ஈரக் கோட்டோடு உள்ளே வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எஃபி."

"ஜெயிச்சுட்டான் ஆர்ச்சி! அந்த அஞ்சாவது ஆடு இருக்கு பாரு..."

"எஃபி, மடியைப் பாரு."

பார்த்தாள். மடியிலும் நாற்காலியிலும் தரையிலுமாக இன்னொரு நாய் செய்யும் அளவுக்கு முடி. சார்ஜென்ட் இடது பக்கமாகச் சாய்ந்து சுகமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. கழுத்திலிருந்து தொடைவரை அதன் வலப்பக்கம் மொழுமொழு என்று இருந்தது. எஃபியின் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் இல்ல" என்றாள், யாரோ வந்து செய்துவிட்டுப் போன மாதிரி.

"பின்ன நானா?"

"ஐயோ ஆர்ச்சி! சத்தியம் பண்ணினேனே! போச்சு, எல்லாம் போச்சு!"

ஆர்ச்சி நாயை எழுப்பி நிறுத்தினார். இடப்பக்கமிருந்து பார்த்தால் வைக்கோற்போர். வலப்பக்கமிருந்து பார்த்தால் ஒல்லி நாய். முன்னாலிருந்து பார்த்தால், ஆர்ச்சி சொன்னதுபோல, யாரோ பாதியில் கோபித்துக்கொண்டு போன வேலை.

"இந்தப் பக்கத்தையும் உருவிடேன். சரிசமமாவது ஆகும்" என்றார்.

"இதுக்கு மேல ஒரு முடி தொட மாட்டேன். தொட்டது போதாதா?"

"மாவுல பசை காய்ச்சி ஒட்டிப் பார்ப்போமா?"

எஃபி முறைத்த முறைப்பில் மனிதர் லீக்ஸ் பாத்திக்கே திரும்பிப் போய்விட்டார், கொட்டுகிற மழையில்.

அழுது முடித்துத் தரையைப் பெருக்கக் குனிந்தபோதுதான் எஃபி அந்த முடியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முடி விரல் நீளத்துக்கு மேல் இருந்தது. ஒரு முறை வளர்ந்து செத்த முடி அல்ல. அதற்குள்ளேயே இன்னொரு வளர்த்தி வந்து அதுவும் செத்துப் போயிருந்தது. ஒரு வருஷத்துக்குமேல் இந்த நாயின் மேல் யாரும் விரல் வைக்கவில்லை. காதைச் சுற்றித் தடவினாள். அங்கே படிக்கட்டுப் படிக்கட்டாய்க் கத்தரிக்கோல் வெட்டு. கத்தரிக்கோலை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத ஒருவர் வெட்டியது போலத் தாறுமாறாக இருந்தது. லிலியாஸா? பள்ளிக்கூடத்தில் காகிதத்தில் பூ வெட்டினால் டீச்சர் சுவரில் ஒட்டிவைப்பாளே, அந்த லிலியாஸா?

மறுநாள் ஒன்றேகால் மணி நேரம் பஸ்ஸில் போய் டவுன் ஆஸ்பத்திரியில் இறங்கினாள். வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை. 'லிலியாஸ், ஒரு சின்ன விஷயம்.' சின்ன விஷயமா அது? 'லிலியாஸ், நாய் நல்லா இருக்கு, ஒரு பக்கம்.' சீ!

லிலியாஸ் படுக்கையில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எஃபியைக் கண்டதும் இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து நர்ஸ் தேநீர் கொண்டுவந்தாள். சின்னக் குழந்தைகளுக்குக் கொடுப்பது போல இரண்டு பக்கமும் பிடி வைத்த கப்.

"கையை வெளிய எடுங்க பாட்டி, சூடா குடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் காத்து நின்றாள்.

வேறு வழியில்லை. லிலியாஸ் கைகளை வெளியே எடுத்தாள். விரல் முட்டிகள் பாக்குக் கொட்டையாய்ப் புடைத்திருந்தன. கட்டைவிரல் உள்ளங்கையோடு குறுக்கே மடங்கிக் கிடந்தது. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் ஒன்றையொன்று தொடவே முடியாது. கப்பை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்துத் தூக்கிக் குடித்தாள்.

எஃபி ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது.

"எவ்வளவு நாளா?" என்றாள்.

"ஏழு வருஷமா."

ஏழில் ஒன்று போனால் ஆறு. எஃபிக்குக் கணக்குப் புரிந்தது. புரிந்ததும் அந்த ஆஸ்பத்திரித் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

"டஃபிக்கு மெஷின் போட்டது..."

"பின்ன எதால உருவச் சொல்றீங்க, பல்லாலயா?" என்றாள் லிலியாஸ். "மறுபடி மெஷின் போட்டுப் பேச்சு வாங்கக் கூடாதுன்னு இவனுக்குப் போன வருஷம் நானே கையால செஞ்சேன். ஒரு நாளைக்கு அஞ்சு பிடி. ஒரு பக்கத்துக்கு ஒரு மாசம். இந்த வருஷம் அதுவும் ஆகல. பேர் கொடுக்காம இருந்தா ஏன்னு கேப்பாங்க. அதான் கொடுத்தேன்." கப்பை வைத்துவிட்டு எஃபியை நேராகப் பார்த்தாள். "யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. இந்த ஊர்ல ஒருத்தரும் என்னைப் பார்த்து ஐயோ பாவம்னு சொல்லக் கூடாது. சோம்பேறின்னு சொல்லட்டும், பரவாயில்ல."

"சொல்ல மாட்டேன்" என்றாள் எஃபி. இவள் சத்தியத்தின் யோக்கியதை இவளுக்கே தெரியும். அதனால் சத்தியம் என்று சொல்லவில்லை. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, "நான் உன் நாயை உருவிட்டேன்" என்றாள்.

பக்கத்துப் படுக்கைக் கிழவி பின்னலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம்?" என்றாள் லிலியாஸ்.

"வலப்பக்கம்."

"எவ்வளவு தூரம்?"

"கழுத்துல ஆரம்பிச்சுத் தொடை வரைக்கும். டெலிவிஷன்ல ஆட்டுநாய்ப் போட்டி. ஒரு கை உறையைத்தான் கழட்டினேன், ரொட்டி தின்ன. சத்தியமா, என் கை செஞ்சது எனக்கே தெரியாது லிலியாஸ்."

லிலியாஸின் மூக்குத் துவாரம் விரிந்தது. திட்டப் போகிறாள் என்று எஃபி தலையைக் குனிந்தாள்.

"சரி. மிச்சத்தைத் தொடாதீங்க" என்றாள் லிலியாஸ். "அப்படியே கண்காட்சிக்குக் கூட்டிட்டு வாங்க. வட்டத்துக்குள்ள நீங்கதான் நடத்தணும். நான் வெளிய உட்கார்ந்து பாக்கறேன்."

"பாதி நாயையா? ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டுமே. எனக்கு ஆறு வருஷமாப் பழக்கம்."

எஃபி எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்தாள்.

கண்காட்சி நாளில் அதிசயமாக மழை இல்லை. ஆர்ச்சியின் லீக்ஸுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. மனைவி இருந்த நிலையில் பாவம், அதைச் சொல்லிச் சந்தோஷப்படக்கூட ஆள் இல்லை. லிலியாஸ் மகளோடு காரில் வந்து, வட்டத்தின் ஓரத்தில் மடக்கு நாற்காலியில் முழங்கால்மேல் போர்வை போட்டு உட்கார்ந்தாள். டெரியர்களைக் கூப்பிட்டார்கள். பதினாலு நாய் நுழைந்தது. அதில் கடைசியாக எஃபி, சார்ஜென்ட்டின் உருவாத பக்கம் கூட்டத்துக்குத் தெரிகிற மாதிரி, நண்டு நடை நடந்து வந்தாள்.

ஆனால் வட்டம் வட்டம்தான். அரைச் சுற்றில் திரும்பியாக வேண்டுமே. திரும்பினாள். கூட்டம் முதலில் கண்ணைக் கசக்கியது. அப்புறம் ஒரே சிரிப்பு. கேக் கூடாரத்திலிருந்து பெண்கள் மாவுக் கையோடு ஓடி வந்தார்கள்.

நடுவர் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஸ்காட்லாந்துக்காரர். தொப்பையைத் தூக்கிக்கொண்டு குனிந்து நாயின் வலப்பக்கத்தைப் பார்த்தார், சுற்றி வந்து இடப்பக்கத்தைப் பார்த்தார், மறுபடி சுற்றி வந்தார்.

"அம்மா, பேர்ப் பட்டியல்ல ஒரு நாய்னுதான் போட்டிருக்கு" என்றார்.

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. எஃபியின் காது மடல் சிவந்து சுட்டது. இதுவரைக்கும் சரிதான், தனக்கு வேண்டியதுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்போது கசாப்புக்கடை நிக்கல்சன், அவனுக்கு எப்போதும் வாய் நீளம், வேலிமேல் சாய்ந்துகொண்டு கத்தினான்:

"என்ன, மெஷின் லிலியாஸுக்கு இந்த வருஷம் பாதியிலேயே கரண்ட் போயிடுச்சா?"

சிரிப்பு எஃபியை விட்டுவிட்டு மடக்கு நாற்காலிப் பக்கம் திரும்பியது. லிலியாஸ் அசையவில்லை. போர்வையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னாலும் இப்படித்தான் குனிந்திருப்பாள். எஃபி அன்றைக்கு நாயைப் பார்த்தாளே தவிர அவளைப் பார்க்கவில்லை.

எஃபிக்கு ரத்தம் கொதித்தது. உண்மையைச் சொல்லலாம் என்றால் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். இரண்டு வாக்கில் ஒன்று ஏற்கனவே போய்விட்டது. மீதி இருக்கிற ஒன்றையாவது காப்பாற்ற வேண்டாமா?

"நிறுத்துங்கடா!" என்று கத்தினாள். அவள் தொண்டை ஊரறிந்தது. ஆட்டுப் பட்டிவரை அமைதியானது. "இந்த நாயைப் பாதி உருவினது நான்தான். அவ ஆஸ்பத்திரியில இருந்தா. இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. ஆறு வருஷம் முன்னாடி டஃபிக்கு மெஷின் போட்டதும் நான்தான்!"

ஆர்ச்சியின் வாயிலிருந்து புகையிலைப் பைப் நழுவி, பரிசு வாங்கிக் கையில் பிடித்திருந்த லீக்ஸ்மேல் விழுந்தது.

"நீயா?" என்றான் நிக்கல்சன். "மெஷினா? நீயா?"

"ஆமா, நானேதான். அவளுக்குத் தெரியாம, அவ கடைக்குப் போயிருந்தப்ப போய்ப் போட்டேன். அப்புறம் இங்க நின்னு அவ மேலேயே பழி போட்டேன்."

"எதுக்கு?"

எதற்கு என்று யோசித்து வைத்திருக்கவில்லை. "பொறாமை" என்றாள். "அவ நாய் ஜெயிச்சிடுமோன்னு. போதுமா?"

ஊர் நம்பிவிட்டது. அதுதான் எஃபிக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது. ஐம்பத்தேழு வருஷம் விரல் தேய உருவிக் காப்பாற்றிய பேர். பொறாமை என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது, அத்தனை பேரும் 'அதானே!' என்று தலையாட்ட. பக்கத்தில் நின்ற ஒருத்தி தன் நாயை எஃபியிடமிருந்து ஓரடி தள்ளி இழுத்துக்கொண்டாள். எஃபி அழவில்லை. சார்ஜென்ட்டின் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பொய்."

லிலியாஸின் குரல். மகள் பிடிக்கப் பிடிக்க, நாற்காலிக் கையில் முழங்கையை ஊன்றி, புது இடுப்போடு தள்ளாடி எழுந்து நின்றாள். போர்வை கீழே விழுந்தது. இரண்டு கையையும் எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.

"அவ வாயைத் திறந்தாலே இப்படித்தான், உளறுவா. டஃபிக்கு மெஷின் போட்டது நான். இந்தக் கையை வச்சுகிட்டு நீ உருவிக் காட்டேன் நிக்கல்சன், பாக்கலாம்!"

நிக்கல்சன் தொப்பியைக் கழற்றினான். கேக் கூடாரத்துப் பெண்களில் யாரோ "ஐயோ..." என்று ஆரம்பித்தாள்.

"பாவம்னு சொல்லிப் பாரு, உன் கேக்குல போய் உக்காந்துடுவேன்" என்றாள் லிலியாஸ். அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள்.

நடுவர் தொண்டையைச் செருமினார். சட்டப்படி சார்ஜென்ட்டுக்குப் பதினாலாவது இடம் என்று அறிவித்தார். மொத்தமே பதினாலு என்பதை மட்டும் கண்ணியமாகச் சொல்லாமல் விட்டார்.

எஃபி வட்டத்தைக் குறுக்கே கடந்து வந்து, மடக்கு நாற்காலிக்குப் பக்கத்தில் புல்லில் சப்பென்று உட்கார்ந்தாள். சார்ஜென்ட் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்துக்கொண்டது.

"ஏண்டி" என்றாள் எஃபி. "அன்னிக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ராத்திரி பகலா உக்காந்து நானே உருவிக் கொடுத்திருப்பேனே. ஏண்டி சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன்டி அன்னிக்கு" என்றாள் லிலியாஸ். "வட்டம் முடிஞ்சதும் உன்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள நீ கத்திட்ட."

எஃபியின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"சரி, மூக்கைச் சிந்து" என்றாள் லிலியாஸ். "இடப்பக்கம் அப்படியே நிக்குது."

எஃபி மூக்கைச் சிந்திவிட்டு, சாக்பீஸ் தூள்கூட இல்லாமல், கழுத்திலிருந்து ஆரம்பித்தாள்.